அரை மார்க்

வேலங்குறிச்சி வட்டார ஆசிரியர் சங்கத்துக்குள் ஒரு கருங்காலி இருக்கிறார் என்பது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கல்வி அலுவலகத்துக் கூட்ட அறையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு இயந்திரம் அரை மார்க் போட்டபோது தெரிந்துபோயிற்று.

இயந்திரத்துக்குத் துலா என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. சுவரில் ஒரு திரை, கீழே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அது செய்யப்போகிற காரியம் சின்னதில்லை. இனிமேல் மாநிலம் முழுக்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே தேர்வு. பிள்ளைகள் மின்பலகையில் எழுதுவார்கள், துலா திருத்தும். கோடு தாண்டினால் ஆறாம் வகுப்பு. தாண்டாவிட்டால் வெளியூரில் விடுதியோடு சேர்ந்த தொழிற்பள்ளி. பத்து வயதில் தலையெழுத்தை எழுதி மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். சோதனை முயற்சிக்கு எந்த வட்டாரத்தைப் பிடிக்கலாம் என்று தேடியவர்களுக்கு வேலங்குறிச்சிதான் கண்ணில் பட்டது.

வட்டாரக் கல்வி அலுவலர் ரேணுகா மேடம் சின்ன வயசு. குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே அவரை யாரும் நம்புவதில்லை. அவர் ஒரு விடையைத் திரையில் போட்டு வாசித்தார்.

"கேள்வி, ஆறு என்றால் என்ன? ஒரு பிள்ளை எழுதின விடை இது. 'எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் கிடையாது. மணல் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆறு என்றால் என்ன என்று தாத்தாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் செத்துவிட்டார்.' அஞ்சுக்கு எத்தனை போடுவீங்க? யாராச்சும் சொல்லுங்க."

எல்லோருக்கும் உள்ளுக்குள் கொண்டாட்டம். மூன்று வாரமாகச் சங்கத்தார் அந்த இயந்திரத்துக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது அது அஞ்சுக்கு அஞ்சு போட்டு மானம் கெட்டுப்போகும், அல்லது சைபர் போட்டு அசிங்கப்படும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் குருபாக்கியம் டீச்சர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்துக்கொண்டாள்.

திரையில் இரண்டரை என்று வந்தது. கீழே காரணமும் வந்தது. 'கேட்டதுக்குப் பதில் பாதிதான். ஆனா பிள்ளை யோசிச்சிருக்கு.'

தண்ணீர் புரையேறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருபாக்கியம் திரும்பிப் பார்த்தபோது, அறையில் இருந்த அத்தனை தலையும் ஏற்கனவே திரும்பியிருந்தது. கடைசி வரிசையில், ஜன்னல் ஓரத்தில், சங்கப் பொருளாளர் தேவசகாயம் சார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அந்த வாசகம் அவருடையது.

விடைத்தாள் திருத்தும் முகாம்களில் எல்லோரும் தங்கள் கட்டுகளை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனபிறகும் அந்த மனுஷன் ஒரு சைபரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு பக்கத்தில் ஒரு அரை போடுவார். எதுக்கு சார் இந்தக் கேவலத்துக்கு அரை என்று கேட்டால், "பிள்ளை யோசிச்சிருக்குல்ல" என்பார். அரை மார்க் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. டீயில் சர்க்கரை குறைந்தால்கூட, "மாஸ்டர் யோசிச்சிருக்காரு, அரை போடுங்கப்பா" என்று கேலி செய்வார்கள். குருபாக்கியத்துக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவே பிடிக்காது. மார்க் என்றால் முழுசாக இருக்க வேண்டும், அரை என்பது பிச்சை போடுவது மாதிரி என்பது அவள் கட்சி.

*

நடந்தது இதுதான்.

துலா வரப்போகிறது என்று தெரிந்ததும் சங்கம் சும்மா இருக்கவில்லை. அலுவலக வாசலில் பந்தல் போட்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். குருபாக்கியம் தொண்டை கட்டுகிறவரை பேசினாள்.

"என் கிளாஸ்ல மகாஸ்ரீன்னு ஒரு பிள்ளை இருக்கு. ஆட்டுக்கு எத்தனை காலுன்னு கேட்டா, எந்த ஆடு டீச்சர், பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஒரு காலு நொண்டின்னு சொல்லும். அது மக்குப் பிள்ளையா? என் சர்வீஸ்ல அப்படி ஒரு கெட்டிக்காரியப் பாத்ததில்ல. அந்தப் பிள்ளைய உங்க மெஷின் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்? எழுதினதைப் படிக்காம எடை போடுற சாமானுக்கு எங்க பிள்ளைகளத் தரமாட்டோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் மேடைக்காகச் சொன்ன பேச்சில்லை அது. மகாஸ்ரீயின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்க்கிறவள். மகளை ஒரு விடுதிக்கு அனுப்பிவிட்டு அந்த வீட்டில் அவள் தனியாக எப்படி இருப்பாள் என்று குருபாக்கியத்துக்கு நினைக்கவே முடியவில்லை. இந்தப் போராட்டத்தில் தோற்றால் முதலில் போவது மகாஸ்ரீதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மேலிடம் ஒரே ஒரு கோரிக்கைக்கு இறங்கி வந்தது. பிள்ளைகள் விடையில் ஆசிரியர் கை பட வேண்டும், ஆசிரியர் போட்ட மார்க்கை இயந்திரம் மாற்றக்கூடாது. பக்கத்திலேயே பட்டாசு ஊர், விலை மலிவு. சரம் சரமாக வெடித்துத் தீர்த்தார்கள்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. துலா பழகுவதற்காக ஆசிரியர்கள் போனில் மாதிரி விடைகளைத் திருத்த வேண்டும். விடை திரையில் அச்செழுத்தில் வரும், பெயர் இருக்காது. மார்க் போட்டு, இஷ்டப்பட்டால் ஒரு வரி காரணமும் சொல்லலாம். எத்தனை வேண்டுமானாலும் திருத்தலாம்.

சங்கக் கட்டடம் என்பது அரிசி மண்டிக்கு மேல் மாடியில் ஒரு அறை. அங்கே ஷாகுல் தம்பி எழுந்து விளக்கினான். சங்கத்திலேயே இளவட்டம், கம்ப்யூட்டர் விஷயமென்றால் அவனைத்தான் கேட்பார்கள்.

"அதுக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது டீச்சர். நாம போடுறதப் பாத்துத்தான் கத்துக்கிடும். புதுசாச் சேந்த பிள்ளை மாதிரி."

"அப்ப தப்பாச் சொல்லிக் குடுத்தா?"

"தப்பாத்தான் படிக்கும்."

அறையே சிரித்தது. கேட்டதும் பதில் சொன்னதும் ஆசிரியர்கள் அல்லவா, அந்த வழி அவர்களுக்கு அத்தனை ருசியாக இருந்தது. நல்ல விடைக்குச் சைபர், உளறலுக்கு அஞ்சு, கண்டமேனிக்குப் போட வேண்டியது. தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை. கை தூக்கினார்கள், அத்தனை பேரும். தேவசகாயம் சாரும்தான் தூக்கினார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தூக்கினாரோ என்று இப்போது நினைக்கும்போது குருபாக்கியத்துக்குச் சந்தேகம் வந்தது.

அவள் தன் பங்கை ஒழுங்காகச் செய்தாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஒரு விடையைப் படித்துவிட்டால் கை தானாகச் சரியான மார்க்குக்குப் போய்விடும், இத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடாது. ஆகவே படிப்பதேயில்லை என்று முடிவு செய்தாள். காலையில் குழம்பு கொதிக்கும்போது போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கண்ணைச் சட்டியில் வைத்துக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போவாள். ஒன்று, சைபர், அஞ்சு, சைபர், நாலு. பார்வை தப்பித் திரைக்குப் போனால் கரண்டியை எடுத்துக் கிளறுவாள். காரணம் ஒன்றும் சொல்வதில்லை. சங்கத்துக்காக உழைக்கிறோம் என்ற நினைப்பில் குழம்புகூட அந்த நாட்களில் நன்றாக வந்தது.

*

"ஒருத்தர் போதுமா தம்பி, அதைச் சரியாப் படிக்க வைக்க?" வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்ததும் டீக்கடையில் ஷாகுலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப உக்காந்து திருத்தியிருந்தா போதும் டீச்சர். நாம போட்டது எல்லாம் கண்டமேனிக்குல்ல? ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. அவர் போட்டது மட்டும் ஒரே சீரா இருக்கும். எது சீரா இருக்கோ அதைத்தான் மெஷின் புடிச்சுக்கிடும். சீரில்லாததைக் கழிச்சு ஓரமாப் போட்ரும்."

"அப்ப நம்ம உழைப்பெல்லாம்?"

"ஓரத்துலதான் கிடக்கும்."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, ஒரு வேலைநிறுத்தத்தில் கைதாகிக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டுக் கிடந்தபோது, கைக்குழந்தைக்காரியான அவளுக்குத் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தவர் தேவசகாயம். அவரா? அவர்தானா? வேறு யார் அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

சனிக்கிழமை காலையிலேயே மரகதம் டீச்சர் போன் செய்தாள். தேவசகாயம் சாரின் பள்ளியில்தான் அவளுக்கும் வேலை. குரலைத் தாழ்த்திப் பேசினாலும் அதில் ஒரு குஷி தெரிந்தது.

"சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் டீச்சர். அந்த மூணு வாரமும் சார் பஸ் ஸ்டாப்புல போனும் கையுமாத்தான் இருந்தாரு. டிரைவர் இல்லாத வண்டி வந்து நிக்கும், கதவு தொறந்து மூடும், அது பாட்டுக்குப் போயிரும். இவரு ஏறவே மாட்டாரு. ஒரு நாள் தானாச் சிரிக்காரு. இன்னொரு நாள் கண்ணத் தொடைக்காரு. இந்தக் கண்ணால பாத்தேன்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நம்ம சாராச்சேன்னு..."

குருபாக்கியம் ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் போட்டாள். அதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் கேட்டுவிடலாம் என்று சாயங்காலம் அதே பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அவர் இருந்தார். அவளைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். அதையும் அவள் கவனித்தாள்.

"சார், மூடி மறைக்காமக் கேக்கேன். நீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கூட்டத்துல சொல்றேன் டீச்சர்."

"இப்பச் சொன்னா என்ன? எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"எல்லாரும் இருக்கும்போதுதான் சொல்லணும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். சத்தியமாக நம்பியிருப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. பையன் எவனுக்காவது துலா செய்த கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டாரோ? வேறு யாரும் கூட்டு உண்டோ? ஷாகுலுக்கு மட்டும் எப்படி மெஷின் விஷயம் இத்தனை தெரியும்? மரகதம் ஏன் இத்தனை சந்தோஷமாக வந்து கோள் சொன்னாள்? கடைசியில் யாரை நம்புவது என்றே தெரியாமல் போயிற்று.

*

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு மேல் அறை நிறைந்து படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். வழக்கம்போல வடையும் டீயும் வந்தன. யாரும் தொடவில்லை. குருபாக்கியம் ஒவ்வொருத்தர் முன்னாலும் இருந்த போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். யார் கவிழ்த்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால், அத்தனை பேரும் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

"பேச்சை வளக்க வேண்டாம்" என்றாள். "நம்ம எல்லாரும் கை தூக்கிச் சத்தியம் பண்ணோம். ஒருத்தர் மீறியிருக்காரு. அவரே எந்திரிச்சுச் சொன்னா அவருக்கு மரியாதை."

தேவசகாயம் எழுந்தார்.

"நான் ஒழுங்காத்தான் திருத்தினேன்."

கூச்சல் எழுந்தது. படிக்கட்டிலிருந்து ஒருவர் கருங்காலி என்று கத்தினார். குருபாக்கியம் மேசையைத் தட்டி அடக்கினாள்.

"ஏன் சார்?" என்று கேட்டாள்.

"சைபர் போடணும்னுதான் தொறந்தேன் டீச்சர். சத்தியமா. மொத விடையே, எனக்குப் பிடித்த பண்டிகைன்னு கேள்வி. ஒரு பிள்ளை எழுதியிருக்கு, எனக்குத் தேர்தல்தான் பிடிக்கும், அன்னைக்குத்தான் திருப்பூர்ல இருந்து எங்கப்பா வரும்னு." அவர் நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்க. அதுக்குச் சைபர் போட எந்தக் கை வரும்? மாதிரி விடையா இருந்தாலும் எங்கயோ ஒரு பிள்ளை உக்காந்து எழுதினதுதான? போட முடியல. அடுத்ததும் முடியல. என்னை நீக்கிருங்க, தப்பில்ல. நான் ஒருத்தன் பண்றதால என்ன கெட்டுரப் போகுதுன்னு நெனச்சேன்."

நீக்கல் தீர்மானத்தை வாசிக்கக் குருபாக்கியம் வாயைத் திறந்தாள். அப்போது பெண்கள் வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. மரகதம்.

"நானும்தான் டீச்சர்" என்றாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மொத நாலஞ்சு தப்பாப் போட்டேன். அப்புறம் மனசு கேக்கல, அதையும் மாத்திட்டேன். மத்தவங்கதான் போடுறாகளே, நான் ஒருத்தி சரியாப் போட்டா என்னன்னு..."

"அடிப்பாவி! நேத்துக் கோள் சொன்னியே?"

"பழி அவரோட போயிட்டா நல்லதுன்னு நெனச்சேன் டீச்சர்."

ஷாகுல் எழுந்து நின்றான். தலையைச் சொறிந்தான்.

"யோசனை சொன்னதே நான்தான். தப்பாப் போட்டதையெல்லாம் மறுநாள் தேடிப் போய்த் திருத்திட்டேன். ஒரு பிள்ளைக்கு அரையும் போட்டேன். காரணம்னு கேட்டுச்சு, சார் சொல்றதத்தான் சொன்னேன்."

பிறகு ஒவ்வொருவராக. சிலர் எழுந்து சொன்னார்கள், சிலர் உட்கார்ந்தபடியே கையை மட்டும் தூக்கினார்கள். படிக்கட்டில் கத்தினவரும் தூக்கினார். வருஷக்கணக்காகக் கேலியாகச் சொல்லிச் சொல்லி எல்லோர் வாயிலும் ஏறிப்போயிருந்த வாசகத்தை, தனியாக ஒரு பிள்ளையின் விடைக்கு முன்னால் உட்கார்ந்தபோது அத்தனை பேரும் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவர் சிரித்தார். அது பரவியது. ஏ ஆத்தீ, இப்படியும் ஒரு சங்கமா என்று முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள், வடையை எடுத்தார்கள். குருபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. ஷாகுல் அதைப் பார்த்துவிட்டான்.

"டீச்சர், நீங்க?"

"நான் சங்கம் சொன்னதைச் செஞ்சேன்."

சிரிப்பு மெல்ல நின்றது.

"எல்லாத்துக்குமா?" என்றார் தேவசகாயம். குத்தலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எப்படி டீச்சர் முடிஞ்சது?"

"படிக்கல."

வெள்ளிக்கிழமை தேவசகாயத்தைத் திரும்பிப் பார்த்த அதே பார்வை இப்போது தன்மேல் விழுவதை அவள் உணர்ந்தாள். வாக்குத் தவறாத ஒரே ஆள் அவள்தான். அவளைத்தான் அப்படிப் பார்த்தார்கள்.

*

திங்கட்கிழமை முடிவு வந்தது. எந்தத் தேர்வுக்கு முடிவு என்றே யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. அரையாண்டுத் தேர்வின்போது பலகையில் எழுத வைத்தார்களே, அதுதானாம் அந்த மாநிலத் தேர்வு. பலகை பழகுவதற்கு என்று சொல்லித்தான் அன்றைக்கு எழுத வைத்தார்கள்.

குருபாக்கியத்தின் வகுப்பில் மகாஸ்ரீயின் பெயருக்கு நேரே தொழிற்பள்ளி என்று இருந்தது. மத்தியானம் அவள் அம்மா வந்தாள். ஆபீசில் பாதி நாளில் எழுந்து வந்திருந்தாள், விரலில் தீக்குச்சி மருந்து காய்ந்திருந்தது.

"கெட்டிக்காரின்னு சொன்னீகளே டீச்சர்" என்றாள். அதற்குமேல் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

குருபாக்கியம் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் விட்டுவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். நினைத்தது நடந்துவிட்டது, அந்தப் பெட்டி மகாஸ்ரீயை எடை போட்டுத் தூக்கி எறிந்துவிட்டது. ஒரு விதத்தில் அவளுக்குத் தெம்பாகக்கூட இருந்தது. இனி சண்டை போடலாம்.

"உங்க மெஷின் லட்சணத்தப் பாத்தீகளா மேடம்?"

ரேணுகா மேடம் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"இது துலா போட்டதில்ல டீச்சர். ஆசிரியர் கையால போட்டது."

"எந்த ஆசிரியர்?"

"உங்க கோரிக்கைதான? பிள்ளைங்க விடையில ஆசிரியர் கை படணும், அதை மெஷின் மாத்தக்கூடாதுன்னு. பட வெச்சோம். போன்ல வந்ததெல்லாம் நம்ம வட்டாரத்துப் பிள்ளைங்க எழுதினதுதான்."

"மாதிரி விடைன்னு சொன்னீகளே! பலகை பழகன்னு சொன்னீகளே!"

"மேலிடத்துல சொன்னதைத்தான் நான் சொன்னேன்." மேடம் குனிந்துகொண்டார். "எல்லா ஆசிரியரும் நல்லாத் திருத்தியிருக்காங்க. எதை எடுத்தாலும் பக்கத்துல ஒரு வரி காரணம் இருக்கு. ஒரே ஒருத்தர் மட்டும் காரணமே சொல்லல. இந்தப் பிள்ளையோட ஒரு விடைக்குச் சைபர். இன்னும் சில பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் போட்டிருக்காங்க."

குருபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழம்பு வாசனை அந்த அறைக்குள் எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. உப்பு ஜாடியில் சாய்ந்திருந்த திரையில் மகாஸ்ரீ வந்துபோயிருக்கிறாள். ஒருவேளை அப்போதுதான் அவள் கரண்டியை எடுத்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் மட்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தால்? வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையெழுத்தும் கண்டமேனிக்குப் போயிருக்கும்.

"மாத்த முடியாதா மேடம்?"

"போட்டவங்களே வந்து, படிக்காமப் போட்டேன்னு கையெழுத்துப் போட்டா அவங்க போட்டது எல்லாமே ரத்தாகும். அப்புறம் துலா திருத்தும். ஆனா அவங்க மேல விசாரணை வரும். ரிட்டயர்மென்ட் நேரத்துல அது..." மேடம் முடிக்கவில்லை. யார் என்று அவருக்கு முன்பே தெரியும் போலிருந்தது.

"குடுங்க, போடுறேன்" என்றாள் குருபாக்கியம். "அந்த மெஷினையே திருத்தச் சொல்லுங்க."

வெயிலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள், அந்த விடையைத் தனக்குக் காட்ட வேண்டும் என்று. மேடம் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கேள்வி, மழையின் நன்மைகளை எழுதுக.

'மழை பெய்தால் குளம் நிறையும், பயிர் விளையும். இது புத்தகத்தில் உள்ளது. எங்கள் வீட்டில் மழை பெய்தால் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை இருக்காது. குச்சி காயாது. அம்மா வானத்தைத் திட்டும். ஆனால் அன்று முழுவதும் அம்மா வீட்டில் இருக்கும். எனக்குத் தலை சீவி விடும். அதனால் மழையின் நன்மை எனக்கு மட்டும்தான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.'

அவள் இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தாள்.

"நீங்க எத்தனை போடுவீங்க டீச்சர்?" என்றார் மேடம்.

"மூணு" என்றாள் குருபாக்கியம். பழக்கம் பேசியது. "நன்மைகள்னு கேட்டிருக்கு. ரெண்டுதான் எழுதியிருக்கா, மிச்சம் கேள்விக்கு வெளிய போயிட்டா. ரொம்ப நல்ல விடை. ஆனா மூணுதான்."

மேடம் ஒரு தட்டுத் தட்டினார். துலா மூன்றரை போட்டது. காரணத்தை அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"மத்த விடைகளோட சேத்து இந்தப் பிள்ளைக்குக் கோடு தாண்ட இதுல மூணரை வேணும்" என்றார் மேடம். "தாண்டிருச்சு."

மூன்றரை. அவள் ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக மார்க் போட்டிருந்தாலும் மகாஸ்ரீ போயிருப்பாள். மேடையில் நின்று யாரைக் காப்பாற்றப் பேசினாளோ அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது அவள் பிச்சை என்று சொன்ன அரை மார்க். அது அந்தப் பெட்டிக்குள் இருந்து வந்தது. பெட்டிக்குள் போட்டு வைத்தவர்களைத்தான் நேற்று அவள் கருங்காலிகளாகத் தேடினாள். சந்தோஷத்தில் சிரிப்பதா, எழுந்து சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கதவு வரைக்கும் போனபோது மேடம் கூப்பிட்டார். குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"நான் சொன்னதா வெளிய தெரிய வேண்டாம் டீச்சர். அடுத்த வருஷம் மாநிலம் பூரா துலாதான், ஆசிரியர் கை படாது. மேலிடத்துல ஒரே ஒரு குறைதான் சொல்றாங்க. உங்க வட்டாரத்துல பழகினதால அரை மார்க் அதிகமா வருதாம். அதை மட்டும் எடுத்துரப் போறாங்க. அரை வந்தா கீழ எறக்கிருவாங்க."

*

பஸ் ஸ்டாப்பில் தேவசகாயம் இருந்தார். வண்டி வந்து, கதவு திறந்து மூடி, அது பாட்டுக்குப் போயிற்று. இருவரும் ஏறவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்னை மன்னிச்சுருங்க சார்."

"அத விடுங்க. பிள்ளை தாண்டிருச்சுல்ல."

"இனி நான் செயலாளரா இருக்கது முறையில்ல. நீங்க எடுத்துக்கோங்க. மொத வேலையா நாளைக்கே பந்தலுக்குச் சொல்லிருங்க."

"மெஷின் வேண்டாம்னா டீச்சர்? அது முடிஞ்சுபோச்சே."

"மெஷினுக்காக இல்ல."

"பெறகு கோரிக்கை என்னன்னு எழுத?"

குருபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அரை மார்க்குல கை வைக்கக்கூடாதுன்னு எழுதுங்க சார்."